கப்பலேறுவதற்கு முந்தைய நாள்

சொகுசுக் கப்பலில் செல்வோருக்கு, கப்பல் புறப்படும் நகரம் பெரும்பாலும் ஒரு காத்திருப்பு அறைதான். விமானம் தாமதமாகிவிடுமோ என்று ஒரு நாள் முன்னதாக வருகிறார்கள், கிடைத்த நேரத்தில் நான்கு இடங்களைப் பார்க்கிறார்கள், மறுநாள் கப்பலேறிவிடுகிறார்கள். ஆனால், அந்த ஒரு நாளை எப்படிக் கழிக்கிறோம் என்பது நகரத்துக்கு முக்கியமானது. அதை வெனிஸில் கண்டேன்.

1951-இல் வெனிஸின் பழைய நகர்ப்பகுதியில் ஏறத்தாழ 1.75 லட்சம் பேர் வாழ்ந்தனர். 2022-இல் அந்த எண்ணிக்கை 50,000-க்கும் கீழே சென்றுவிட்டது. வீடுகள் பல சுற்றுலா விடுதிகளாகிவிட்டன; அன்றாடத் தேவைக்கான கடைகள் இருந்த இடங்களில் நினைவுப் பொருள்கள் விற்கப்படுகின்றன.

முன்பு ராட்சதக் கப்பல்கள் புனித மார்க் சதுக்கத்தை ஒட்டியே சென்றன. 2019 ஜூனில் அத்தகைய கப்பலொன்று கட்டுப்பாடிழந்து படகுத்துறையிலும் சுற்றுலாப் படகொன்றிலும் மோதியது. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அவ்வழியே செல்ல 2021 ஆகஸ்ட் 1 முதல் இத்தாலிய அரசு தடை விதித்தது. இப்போது பெரிய கப்பல்கள் பெருநிலப்பகுதியிலுள்ள மார்கேரா தொழில் துறைமுகத்துக்குச் செல்கின்றன. வேறு சில, ட்ரியெஸ்தே, ரவென்னா போன்ற நகரங்களிலிருந்து புறப்படுகின்றன. பயணச்சீட்டில் 'வெனிஸ்' என்றிருந்தாலும், துறைமுகம் எது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்வது நல்லது.

2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாள்களில், பகலில் மட்டும் வந்துபோவோரிடம் நகராட்சி 5 யூரோ நுழைவுக் கட்டணம் பெறத் தொடங்கியது. கடைசி நேரத்தில் பதிவு செய்வோருக்கு 2025-இல் அது 10 யூரோ ஆனது. இரவு தங்குவோருக்கு இக்கட்டணம் இல்லை. தங்கும் வரியை அவர்கள் ஏற்கெனவே செலுத்துகின்றனர். கட்டணம் மட்டுமே கூட்டத்தைக் குறைத்துவிடாது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆயினும், உண்பதும் உறங்குவதும் கப்பலிலேயே என்றிருப்பவரைவிட, ஓரிரவு தங்குபவர் நகரத்துக்கு அதிகம் தருகிறார் என்ற அதன் அடிப்படை சரியானதே.

அந்த நாளை அவசரமின்றிச் செலவிடலாம். அதிகாலையில் முதல் எண் படகில் பெருங்கால்வாய் முழுவதையும் கடந்தேன். 1591-இல் கட்டிமுடிக்கப்பட்ட ரியால்தோ பாலத்தருகே மீன் சந்தையில் உள்ளூர்க்காரர்களைப் பார்க்க முடிந்தது. புனித மார்க் தேவாலய முகப்பில் நிற்கும் வெண்கலக் குதிரைகள் நகல்களே. 1204-இல் கான்ஸ்டான்டிநோபிள் சூறையாடப்பட்டபின் கொண்டுவரப்பட்ட அசல் குதிரைகள் உள்ளே அருங்காட்சியகத்தில் உள்ளன. மாலையில் பகல்நேரப் பயணிகள் ரயிலேறிய பிறகு, சிறு சதுக்கங்களில் சிறுவர்கள் பந்து விளையாட வருகின்றனர். பகலில் மட்டும் வந்துபோவோர் காணாமல் விடும் வெனிஸ் அதுதான்.

கப்பல் சுற்றுலாவை நம்பி வாழும் தொழிலாளர்கள் அங்கு பலர். எனவே பயணிகளே வரவேண்டாம் என்பது தீர்வாகாது. ஓரிரவு தங்குவதும், குடியிருப்பை விடுதியாக மாற்றியிருக்கும் இடங்களைத் தவிர்ப்பதும், உள்ளூர்க் கடைகளில் வாங்குவதும் எளிதில் இயலக்கூடியவை. மக்கள் வாழும்வரைதான் அது நகரம். அவர்கள் வெளியேறிவிட்டால் எஞ்சுவது காட்சிக்கூடமே.