புறப்படுமுன் ஒரு பள்ளிக்கூடம்: அகதிகளைப் புதுநாட்டு வாழ்வுக்கு ஆயத்தப்படுத்துதல்

'அகதி' என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் 'கதியற்றவர்' என்று பொருள்படும். கதி என்பது செல்லும் வழியையும் புகலிடத்தையும் குறிக்கும் வடசொல். வழியற்றுப்போன ஒருவரை ஒரு நாடு ஏற்றுக்கொண்டதும் அவருடைய துன்பம் தீர்ந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அங்கே வேறொரு கடினம் தொடங்குகிறது. மொழி புதிது, சட்டம் புதிது, வேலை கேட்கும் முறையும் மருத்துவரிடம் பேசும் முறையும் புதியவை. இவற்றுக்கு ஒருவரைப் புறப்படுமுன்பே ஆயத்தப்படுத்த இயலுமா? இயலுமாயின் எதைக் கற்பிக்க வேண்டும்? இவ்விரு வினாக்களே இவ்வுரையின் பொருள். இவற்றுக்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் கடலோரத்திலேயே அதற்குரிய வரலாறு உள்ளது.

பிடோங் தீவிலிருந்து பத்தான் வரை

1975-இல் வியட்நாம் போர் முடிந்தபின், அந்நாட்டிலிருந்து இலட்சக்கணக்கானோர் படகேறிக் கடலில் இறங்கினர். திரெங்கானு கரைக்கு அப்பாலுள்ள புலாவ் பிடோங் தீவில் 1978 ஆகஸ்டில் முகாம் ஒன்று திறக்கப்பட்டது. ஓராண்டுக்குள் அச்சிறு தீவில் ஏறத்தாழ 40,000 பேர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். சிங்கப்பூரில், செம்பவாங் ஹாக்கின்ஸ் சாலையிலிருந்த பழைய பிரிட்டிஷ் படைக் குடியிருப்பு அகதி முகாமாயிற்று. ஆயினும் இவ்விரு நாடுகளும் தற்காலிகப் புகலிடம் மட்டுமே அளித்தன. நிலையாகக் குடியேற்றும் பொறுப்பை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரான்சு போன்ற நாடுகள் ஏற்றன.

1979 ஜூலையில் ஜெனீவாவில் கூடிய அனைத்துலக மாநாட்டுக்குப்பின், இந்நாடுகள் ஏற்றுக்கொள்ளும் தொகை பெருகியது. 1980-இல் அமெரிக்க அரசு, தான் ஏற்கவிருந்தோருக்காக ஆங்கில வகுப்புகளையும் பண்பாட்டு அறிமுக வகுப்புகளையும் இவ்வட்டாரத்திலேயே தொடங்கியது. பிலிப்பைன்சின் பத்தான், இந்தோனேசியாவின் காலாங் தீவு, தாய்லாந்தின் பனாட் நிக்கோம் ஆகியவை அதன் முக்கிய நிலையங்கள். பிடோங்கிலிருந்து அமெரிக்காவுக்குத் தேர்வானவர்களில் பலர் கோலாலம்பூரை அடுத்த சுங்கை பீசி இடைமுகாமுக்கு வந்து, பின்னர்ப் பத்தானுக்குச் சென்று ஏறத்தாழ ஆறு மாதம் பயின்ற பின்னரே விமானம் ஏறினர். 1980-க்கும் 1990களின் நடுப்பகுதிக்கும் இடையே பத்தான் நிலையத்தைக் கடந்து சென்றோர் ஏறத்தாழ 4 இலட்சம் பேர்.

வகுப்பறையில் நிகழ்ந்தவை

அங்கே மூவகைப் பாடங்கள் நடந்தன: ஆங்கிலம், பண்பாட்டு அறிமுகம், தொழில் அறிமுகம். ஆங்கிலப் பாடம் இலக்கணத்தில் தொடங்காமல் அன்றாடச் சூழல்களில் தொடங்கியது. விலை கேட்டல், நோயைச் சொல்லுதல், பேருந்து ஏறுதல், அவசர உதவிக்குத் தொலைபேசியில் அழைத்தல் ஆகியவை முதற்பாடங்களாக அமைந்தன.

ஆசிரியர்களிற் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் நாட்டினர். அவர்களுக்கும் ஆங்கிலம் பள்ளியில் கற்றுத் தேர்ந்த மொழியே. ஒரு மொழியை அயலாராக நின்று கற்றவர், மாணவர் எங்கே இடறுவார் என்பதைத் தம் பட்டறிவால் அறிவார். மாணவர் நிலையோ ஒரே சீராக இல்லை. ஒரு புறம் வியட்நாமிய மருத்துவரும் ஆசிரியரும் இருந்தனர். மறுபுறம் லாவோஸ் மலைவாழ் மக்களும், 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் பள்ளிகளை இழந்த கம்போடிய உழவர்களும் இருந்தனர். எழுதுகோலையே பிடித்தறியாதவர்களுக்கு, வரி இடமிருந்து வலமாகச் செல்லும் என்பதே முதற்பாடம்.

பண்பாட்டு வகுப்பில் அகதிகளிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட உதவி ஆசிரியர்கள் மாணவரின் தாய்மொழியில் விளக்கினர். இதன் இன்றியமையாமையை மொழியாசிரியராகிய நாம் எளிதில் உணரலாம். மூன்று மாதம் கற்ற ஆங்கிலத்தில் விலை கேட்கலாம். வாடகை ஒப்பந்தத்தின் பொருளையோ குடும்பச் சட்டத்தையோ அறிந்துகொள்ள இயலாது. சிந்தித்துக் கேட்க வேண்டியவற்றைத் தாய்மொழியில்தான் கற்பிக்க வேண்டும். புதுமொழி அதனோடு சேர்ந்து வளரும்.

சொல் தெரிந்தும் பயன் தெரியாமை

சொற்பொருள் மட்டும் தெரிந்தால் போதாது என்பதற்கு 'ஆம்' என்னும் ஒரு சொல்லே சான்று. நம்மிற் பலர் பெரியவர் பேசும்போது தலையசைத்து 'சரிங்க' என்போம். 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதே அதன் பொருள். தென்கிழக்காசிய மக்கள் பலரிடமும் இவ்வழக்கம் உண்டு. ஆனால் மருத்துவரிடமோ முதலாளியிடமோ சொல்லும் 'ஆம்', ஒப்புதலாகவே கொள்ளப்படும். புரியாத ஒன்றுக்கு மரியாதை கருதி 'ஆம்' என்றவர், பின்னர் அதன் விளைவைத் தாமே சுமக்க நேரும். ஆதலால் 'எனக்குப் புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்' என்று தயக்கமின்றிக் கேட்பதும் ஒரு மொழித்திறனே. அதையும் பயிற்சியளித்தே வளர்க்க வேண்டும்.

இவ்விடத்தில்தான் அத்திட்டத்தின்மீது கடுமையான திறனாய்வு எழுந்தது. மொழியியலாளர் ஜேம்ஸ் டோலெஃப்சன் 1989-இல் வெளியிட்ட 'ஏலியன் விண்ட்ஸ்' என்னும் நூலில், அவ்வகுப்புகள் அகதிகளைக் குறைந்த ஊதிய வேலைகளுக்கே ஆயத்தப்படுத்தின என்று வாதிட்டார். அகதியின் பண்பாட்டைக் குறைபாடாகக் கருதி, பணிந்து நடத்தலையே அவை கற்பித்தன என்பதும் அவருடைய குற்றச்சாட்டு. விரைவில் வேலை கிடைத்துச் சொந்தக் காலில் நிற்பதே நன்மை என்பது திட்டத்தினரின் நோக்கம். அந்நோக்கத்தை நாம் முற்றிலும் தள்ளிவிட இயலாது. பசிக்கும் குடும்பத்துக்கு முதல் ஊதியம் பெரிது. ஆயினும் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று எஞ்சி நிற்கிறது: நாம் மாணவர் வாயில் வைக்கும் வாக்கியங்கள் எவை? 'அப்படியே செய்கிறேன் ஐயா' என்பது மட்டுமா? 'என் ஊதியத்தில் ஏன் குறைத்தீர்கள்?', 'மொழிபெயர்ப்பாளர் வேண்டும்', 'படித்துப் பார்க்காமல் கையெழுத்திட மாட்டேன்' என்பனவும் அவற்றுள் உண்டா? முன்னது ஒருவருக்கு வேலையைப் பெற்றுத் தரலாம். பின்னவை அவர் ஏமாறாமல் காக்கும்.

இன்றைய நிலை

பிடோங் முகாம் 1991-இலும் ஹாக்கின்ஸ் சாலை முகாம் 1996-இலும் மூடப்பட்டன. ஆயத்த வகுப்புகள் பிற இடங்களில் தொடர்கின்றன. அனைத்துலகப் புலம்பெயர்வு அமைப்பு கனடா செல்வோருக்கு 1998 முதலும், ஆஸ்திரேலியா செல்வோருக்கு 2003 முதலும் இவற்றை நடத்திவந்துள்ளது. 2007-க்குப்பின் நேப்பாள முகாம்களிலிருந்து மீள்குடியேறிய பூட்டானிய அகதிகள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுக்கும் இத்தகைய வகுப்புகள் நடந்தன. ஆனால் பத்தானில் ஆறு மாதம் நடந்த பயிற்சி, இன்று பெரும்பாலும் சில நாள்களில் முடிகிறது.

சில நாள்களில் மொழியைக் கற்பிக்க இயலாது, எதிர்பார்ப்பைச் சீர்ப்படுத்தலாம். பழைய தொழிற்சான்று உடனே ஏற்கப்படாமற் போகலாம் என்பதை முன்பே அறிந்தவர் எளிதில் மனமுடைய மாட்டார். பிள்ளைகள் விரைந்து மொழி கற்றுப் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளராகிவிடுவர்; அப்போது வீட்டில் யார் சொல் நிற்கும் என்னும் குழப்பம் எழும். அதை முன்பே பேசிவைத்தால் குடும்பம் உடையாமல் காக்கலாம்.

மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பமிடாத நாடு. இங்குள்ள அகதிகளிற் பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகளில் இடமில்லை. சமூகக் கற்றல் நிலையங்களே அவர்களுக்குப் பள்ளிகள். உலக அளவில் ஓராண்டில் மீள்குடியேற்ற வாய்ப்புப் பெறுவோர் அகதிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. எனவே பலருக்குக் காத்திருக்கும் காலமே வாழ்க்கையாகிவிடுகிறது.

ஆகவே ஆயத்தம் என்பதைப் பயணச்சீட்டு கைக்கு வந்தபின் தொடங்கும் ஒன்றாக நாம் கருதலாகாது. காத்திருக்கும் காலத்தில் தாய்மொழியில் சிந்திக்கவும் வேற்றுமொழியில் வினவவும் கற்ற பிள்ளைக்கு, எந்நாடு அழைத்தாலும் அக்கல்வி உதவும். எந்நாடும் அழைக்காவிடினும், இங்கேயே ஒரு மருத்துவமனையிலோ கடையிலோ தன் தேவையை அப்பிள்ளை எடுத்துச் சொல்லும். வார இறுதியில் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஆசிரியரும் கல்லூரி மாணவரும் நம்மிடையே பலர் உள்ளனர். அண்டையிலுள்ள கற்றல் நிலையம் ஒன்றை நாடி, 'எந்தப் பாடத்துக்கு ஆள் தேவை?' என்று கேட்பதிலிருந்து நாம் தொடங்கலாம்.