சொந்தக் கடைக்கு வழி காட்டும் பட்டன்!

மதுரை மீனாட்சி அம்மன் கோவிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம் இருக்கிறது.

பெயர்தான் புதுமண்டபம். வயதோ ஏறக்குறைய 400 ஆண்டுகள்! திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது.

அந்த மண்டபத்துக்குள் பல காலம் கடைகள் இருந்தன. தூணுக்குத் தூண் தையல் மிஷின் ஓடும். பாத்திரக் கடை, வளையல் கடை, புத்தகக் கடை எல்லாம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடைகள் இடம் மாறின. பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்தில் புதுக் கட்டிடம் எழுந்தது. வியாபாரிகள் அங்கே போனார்கள்.

இப்போது வெளியூர்க்காரர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். பத்து வருஷத்துக்கு முன் மண்டபத்தில் சட்டை தைத்துக் கொண்டவர் அவர். தூணைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்.

"அண்ணே! இந்தத் தூண் ஓரத்திலே ஒரு டெய்லர் இருப்பாரே, அவர் எங்கே?"

"அவரா? குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிட்டாரு. அங்கே போய்ப் பாருங்க!"

வழி சொல்ல ஆள் இருந்தது, பிழைத்தார் டெய்லர்! ஆள் இல்லாவிட்டால்? வந்தவர் வேறு கடைக்குப் போயிருப்பார்.

"இந்தக் கதைக்கும் செல்போனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா?

சம்பந்தம் இருக்கிறது. இன்று செல்போனில் வியாபாரம் செய்கிறவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

அடுத்தவர் மண்டபம்

சுங்குடிச் சேலை விற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம்.

சுங்குடி மதுரைக்குப் பெருமை தரும் சேலை. நூலால் ஆயிரக்கணக்கான சிறு முடிச்சுகள் போடுவார்கள். பிறகு சாயத்தில் முக்குவார்கள். முடிச்சை அவிழ்த்தால் புள்ளி புள்ளியாகப் பூத்திருக்கும். சவுராஷ்டிர மக்கள் வளர்த்த கலை இது. 2005-ம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்த வீட்டு அம்மா முடிச்சுப் போடுகிறார். அப்பா சாயம் போடுகிறார். கல்லூரியில் படிக்கும் மகள் சேலையைப் படம் எடுத்துப் பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுகிறாள். ஆர்டர் வருகிறது. காசு செலவு இல்லை. நல்ல காரியந்தான்!

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்தக் கடை யாருடைய இடத்தில் இருக்கிறது?

பேஸ்புக் அவர்களுடையது அல்ல. இன்ஸ்டாகிராமும் அவர்களுடையது அல்ல. எல்லாம் அடுத்தவர் மண்டபம். அவர்கள் "இரு" என்றால் இருக்கலாம். "போ" என்றால் போக வேண்டும்!

ஒரே இரவில் மறைந்த கடைகள்

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. நடந்த கதை.

29-6-2020 அன்று மத்திய அரசு 59 செயலிகளுக்குத் தடை போட்டது. "டிக்டாக்" அதில் ஒன்று. லட்சக்கணக்கான பேர் பின்தொடர்ந்த பக்கங்கள் எல்லாம் மறைந்தன. பின்தொடர்ந்தவர்கள் யார், எந்த ஊர், என்ன போன் நம்பர்? ஒன்றும் கையில் இல்லை!

அதற்கு முன்பும் இப்படி நடந்தது. "ஆர்குட்" என்று ஒன்று இருந்தது நினைவிருக்கிறதா? அதை கூகுள் நிறுவனம் 2014 செப்டம்பர் 30-ந் தேதி மூடியது. "கூகுள் பிளஸ்" என்றும் ஒன்று இருந்தது. அதுவும் 2019 ஏப்ரல் 2-ந் தேதி மூடப்பட்டது.

4-10-2021 அன்று இன்னொரு கூத்து. அன்று இரவு 9 மணிக்கு மேல் பேஸ்புக் வேலை செய்யவில்லை. இன்ஸ்டாகிராமும் படுத்தது. வாட்ஸ்அப்பும் படுத்தது! மூன்றுக்கும் முதலாளி ஒருவர்தான். தங்கள் எந்திரங்களில் அவர்களே செய்த ஒரு மாற்றம் தவறிப் போனது. சுமார் 6 மணி நேரம் உலகம் முழுவதும் இதே கதி.

மூன்றையும் நம்பிக் கடை போட்டவர்களுக்கு அன்று மூன்று கதவும் ஒரே நேரத்தில் அடைபட்டன.

சொந்த வீடு எது?

சொந்த வீடு வேண்டும். அதுதான் இணையதளம். வெப்சைட் என்று சொல்கிறோமே, அதுதான்.

இணையதளத்துக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை உங்கள் பெயரில் பதிவு செய்து கொள்ளலாம். வருஷத்துக்கு ஒரு முறை கட்டணம் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் பெயர் வேறு ஒருவர் கைக்குப் போய்விடும். ஆகவே தேதியை மறக்கக் கூடாது.

இதில் ஒரு சவுகரியம் உண்டு. இணையதளத்தை வைத்திருக்கும் கம்பெனி பிடிக்கவில்லையா? வேறு கம்பெனிக்கு மாறலாம். பெயர் உங்களோடு வரும். வாடிக்கைக்காரர் பழைய பெயரையே தட்டுவார். நேரே உங்கள் வாசலுக்கு வருவார்.

ஒன்று முக்கியம். பெயரைப் பதிவு செய்யும்போது உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். தளம் செய்து கொடுக்கும் தம்பியின் பெயரில் வேண்டாம். வீட்டுப் பத்திரத்தைக் கொத்தனார் பெயரில் எழுதுவோமா?

அப்படியானால் பேஸ்புக் வேண்டாமா?

வேண்டும்! கூட்டம் அங்கேதானே இருக்கிறது? சந்தைக்குப் போகாமல் சரக்கு விற்குமா? சந்தையில் கூவுங்கள். ஆனால் வந்தவரை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். அழைத்து வருவதற்குத்தான் பட்டன்!

மூன்று வகைப் பட்டன்

பட்டன் என்றால் சட்டைப் பட்டன் அல்ல. செல்போன் திரையில் விரலால் தொடும் சிறு படம்.

முதல் வகை, வழி காட்டும் பட்டன். உங்கள் தளத்தின் அடியில் பேஸ்புக் படமும் யூடியூப் படமும் இருக்கும். தொட்டால் அங்கே உள்ள உங்கள் பக்கம் திறக்கும். இது ஒற்றைவழிப் பாதையாக இருக்கக் கூடாது. பேஸ்புக் பக்கத்திலும் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் தள முகவரி எழுத இடம் உண்டு. யூடியூப் வீடியோவின் கீழும் எழுதலாம். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்தால் அங்கும் எழுதலாம். பலர் இதைச் செய்வதில்லை. வீட்டிலிருந்து சந்தைக்கு வழி போடுகிறார்கள். சந்தையிலிருந்து வீட்டுக்கு வழி போட மறந்து விடுகிறார்கள்!

இரண்டாவது வகை, பேசும் பட்டன். தளத்தில் வாட்ஸ்அப் படம் இருக்கும். தொட்டதும் உங்களோடு பேச வாட்ஸ்அப் திறக்கும். இதற்காக வாட்ஸ்அப் நிறுவனமே ஒரு சிறு முகவரி வைத்திருக்கிறது. அதன் பின்னால் உங்கள் எண்ணைச் சேர்க்க வேண்டும். முதலில் இந்தியாவுக்கு உரிய 91. பிறகு உங்கள் 10 இலக்க எண். கூட்டல் குறி வேண்டாம். இடைவெளியும் வேண்டாம். "இந்தச் சேலை இருக்கிறதா?" என்ற கேள்வியையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். வருகிறவர் அனுப்பினால் போதும்.

மூன்றாவது வகை, பகிரும் பட்டன். ஷேர் பட்டன் என்பார்கள். உங்கள் சேலையைப் பார்த்தவர் தன் மதினிக்கு அனுப்ப நினைக்கிறார். பட்டனைத் தொடுகிறார். லிங்க் போய்ச் சேருகிறது. ஒருவர் வாயிலிருந்து ஒருவர் காதுக்குப் போகும் நல்ல பெயர் இது. இதைவிட நல்ல விளம்பரம் எது?

லிங்க் ஏன் மொட்டையாகப் போகிறது?

சிலர் அனுப்பும் லிங்க் அழகாகப் போய்ச் சேரும். படம் தெரியும், தலைப்பு தெரியும், இரண்டு வரி விளக்கமும் தெரியும். சிலர் அனுப்பினால் வெறும் எழுத்துக் கூட்டம் மட்டும் போகும்.

காரணம் இதுதான். லிங்க்கை ஒட்டியதும் வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் உங்கள் பக்கத்தை எட்டிப் பார்க்கின்றன. "தலைப்பு என்ன? விளக்கம் என்ன? படம் எது?" என்று தேடுகின்றன. இந்த மூன்றையும் பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதி வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத எழுத்து அது. தளம் செய்கிற தம்பியிடம், "ஷேர் பண்ணினால் படமும் தலைப்பும் வருமா?" என்று கேளுங்கள். அவருக்குப் புரியும். படம் 1200 புள்ளி அகலம், 630 புள்ளி உயரம் இருந்தால் பேஸ்புக்கில் நன்றாகத் தெரியும்.

தலைப்பைத் தமிழிலேயே எழுதுங்கள். அத்தை படிக்க வேண்டாமா?

பட்டன் அதிகம் வேண்டாம்

சிலர் பத்துப் பன்னிரண்டு பட்டன்களை வரிசையாக மாட்டி வைக்கிறார்கள். ஜிமிக்கி மாதிரி தொங்குகிறது! அது வேண்டியதில்லை.

பிரிட்டிஷ் அரசு தன் இணையதளத்தில் ஷேர் பட்டன் வைத்துப் பார்த்தது. 10 வாரக் கணக்கை 2014-ல் வெளியிட்டது. ஆயிரம் முறை பக்கம் பார்க்கப்பட்டால் இரண்டு முறைதான் பட்டன் தொடப்பட்டது! பெரும்பாலோர் முகவரியை நகல் எடுத்துத் தாங்களே அனுப்பி விடுவார்கள்.

ஆகவே உங்கள் வாடிக்கைக்காரர் எதைப் பயன்படுத்துகிறாரோ, அதை மட்டும் வையுங்கள். நம் ஊருக்கு வாட்ஸ்அப், பேஸ்புக் இரண்டே போதும்.

வேவு பார்க்கும் பட்டன்!

இன்னொரு சங்கதியும் உண்டு. பேஸ்புக் நிறுவனம் 2010-ல் தன் "லைக்" பட்டனை மற்றவர்களின் தளங்களிலும் வைக்கக் கொடுத்தது. எல்லோரும் ஆசையாக வாங்கி மாட்டினார்கள்.

அந்தப் பட்டனை நீங்கள் தொடாவிட்டாலும், பக்கம் திறந்ததுமே உங்கள் வருகை பேஸ்புக்குக்குத் தெரிந்து விடும்!

ஜெர்மனியில் "பேஷன் ஐ.டி." என்ற துணிக்கடைத் தளத்தில் இப்படி லைக் பட்டன் இருந்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 29-7-2019 அன்று தீர்ப்பு வந்தது. வாடிக்கைக்காரரின் தகவலைத் திரட்டி பேஸ்புக்குக்கு அனுப்பியதில் கடைக்காரருக்கும் பொறுப்பு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. இந்தியாவிலும் 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டனும் நிலைக்கவில்லை. பிற தளங்களில் உள்ள லைக் பட்டனை 2026 பிப்ரவரி 10-ந் தேதியோடு நிறுத்துவதாக 2025-ல் பேஸ்புக்கின் தாய் நிறுவனம் அறிவித்தது. கொடுத்தவரே திரும்ப வாங்கிக் கொள்கிறார்!

ஆகவே சாதாரண லிங்க் உள்ள பட்டன் போதும். அது வேவு பார்க்காது.

ஜல்லிக்கட்டு டோக்கன்

வியாபாரம் இல்லாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு.

பொங்கல் வந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்று ஊரும் களைகட்டும். காளைக்கும் மாடுபிடி வீரருக்கும் முன்பதிவு வேண்டும். 2022-ல் மதுரை மாவட்ட இணையதளத்தில் முன்பதிவு நடந்தது. பிறகு வந்த ஆண்டுகளிலும் இணையம் வழியாகவே பதிவு செய்தார்கள்.

அந்த நேரத்தில் ஒரு லிங்க் வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். பங்காளி அனுப்பியதுதான். உடனே தொடலாமா?

அவசரப்படாதீர்கள்! முகவரியைப் படியுங்கள். தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டு விடுங்கள். அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள கடைசிப் பகுதிதான் உரிமையாளரைக் காட்டும். மாவட்டத் தளத்தின் முகவரி "மதுரை, நிக், இன்" என்று முடியும். சொற்களின் நடுவே புள்ளி இருக்கும். மற்ற அரசுத் தளங்கள் பல "கவ், இன்" என்று முடியும். முன்னால் "மதுரை" என்றும் "ஜல்லிக்கட்டு" என்றும் யார் வேண்டுமானாலும் எழுதிக் கொள்ளலாம். முடிவுதான் முக்கியம்.

அனுப்பியவர் நம்மவர் என்பதால் லிங்க் நல்லது ஆகிவிடாது. அவருக்கும் அது யாரோ அனுப்பியதுதான்!

இன்றே செய்யுங்கள்

செல்போனில் கடை வைத்திருப்பவர்கள் இன்றே மூன்று காரியம் செய்யுங்கள்.

வாடிக்கைக்காரர்களின் பெயரையும் போன் நம்பரையும், அவர்களிடம் கேட்டுக்கொண்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இது முதல் காரியம்.

இரண்டாவது, சேலைப் படங்களை உங்களிடமும் ஒரு பிரதி வைத்துக் கொள்ளுங்கள். பேஸ்புக்கில் மட்டும் விட்டு வைக்காதீர்கள்.

மூன்றாவது, ஒரே ஒரு பக்கம் உள்ள தளமாக இருந்தாலும் சரி, சொந்தப் பெயரில் ஒன்று தொடங்குங்கள். எல்லாப் பக்கங்களிலும் அதன் முகவரியை எழுதுங்கள்.

நாளைக்கு மண்டபத்தைப் பூட்டலாம். வேறு மண்டபம் திறக்கலாம். அது நம் கையில் இல்லை. ஆனால், "அந்தச் சுங்குடிக் கடை எங்கே?" என்று தேடி வருகிறவருக்கு வழி சொல்ல ஒரு பலகை இருக்க வேண்டும். அந்தப் பலகை நம்முடையதாக இருக்கட்டும்!