எல்லை தாண்டினால் களி "முத்தே" ஆகிறது!

ஓசூரில் இருந்து பெங்களூர் போகும் சாலையில் ஜூஜூவாடி இருக்கிறது. அது தமிழ்நாட்டின் எல்லை. அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அது கர்நாடகம்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை நடக்கிறது. இந்தப் பக்கம் "களி" என்று தட்டில் விழும் கேழ்வரகு உருண்டை, அந்தப் பக்கம் "முத்தே" என்று பெயர் மாறிவிடுகிறது!

பெயர் மட்டும்தானா மாறுகிறது? இல்லை. பக்குவமும் மாறுகிறது.

நொய் சேர்ந்த களி

கிருஷ்ணகிரி பக்கத்து வீடுகளில் முதலில் அரிசி நொய்யை வேகவைப்பார்கள். நொய் குழைந்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பால் கிளறுவார்கள். கை ஓய்ந்தால் மாவு கட்டி தட்டிவிடும்!

தொட்டுக்கொள்ள கீரைக் கடைசல் உண்டு. கருவாட்டுக் குழம்போ, நாட்டுக்கோழிக் குழம்போ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

வழவழப்பான முத்தே

கன்னட வீடுகளில் பெரும்பாலும் நொய் சேர்ப்பதில்லை. மாவும் தண்ணீரும்தான். அதனால் முத்தே வழவழவென்று இருக்கும். அதைப் பிட்டு, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவார்கள்.

பருப்பும் கீரையும் வெந்த தண்ணீரை இறுத்து, அதில் ஒரு குழம்பு வைப்பார்கள். அதற்கு "பஸ்ஸாரு" என்று பெயர். முத்தேக்கு அதுதான் ஜோடி.

எது ருசி? வாய்க்குப் பதம் வேண்டும் என்றால் களி. தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகவேண்டும் என்றால் முத்தே.

சத்து எவ்வளவு?

100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் இருப்பது சுமார் 10 மில்லிகிராம்தான்! வளரும் பிள்ளைகளின் எலும்புக்கு எது நல்லது என்று தாய்மார்களே சொல்லட்டும்.

ஆனால், "களி ஏழை வீட்டுச் சாப்பாடு" என்று வெட்கப்பட்டவர்கள் உண்டு. விருந்தாளி வந்தால் களிச்சட்டியை மறைத்துவிட்டு, அரிசிச் சோறு வடித்த வீடுகளும் உண்டு.

இப்போது காற்று திரும்பி இருக்கிறது. 2023-ம் ஆண்டை உலக சிறுதானிய ஆண்டாக ஐ.நா. சபை கொண்டாடியது. அதே ஆண்டில் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில், அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது.

ராமர் சொன்ன தீர்ப்பு

16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த கன்னடக் கவிஞர் கனகதாசர் ஒரு கதை பாடி இருக்கிறார். அரிசிக்கும் கேழ்வரகுக்கும் சண்டை வந்தது. "யார் உயர்ந்தவர்?" என்று ராமரிடம் போனார்கள். ராமர் இரண்டையும் 6 மாதம் சிறையில் அடைத்தார். கதவைத் திறந்தபோது அரிசி வாடிப் போயிருந்தது. கேழ்வரகு வைத்தது வைத்தபடி இருந்தது! ராமர் அதற்கே பரிசு கொடுத்தார்.

ராமரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இனி விருந்தாளி வந்தால் களிச்சட்டியை மறைக்காதீர்கள். அவருக்கும் ஓர் உருண்டை வையுங்கள்!