"மச்சான், இது சூதாட்டம் இல்லடா... ஸ்கில்லு!"

கடைசி பெஞ்ச். மதியம் இரண்டரை மணி. புரொபசர் போர்டில் எழுதிக்கொண்டிருக்க, உங்க நண்பன் டெஸ்க்குக்கு அடியில் செல்போனைப் பார்த்து வியர்த்துக் கொட்டுகிறான். நிஃப்டி ஆப்ஷன்! "என்னடா, சூதாட்டமா?" என்று கேட்டுப் பாருங்கள். "கிரிக்கெட்டுக்குப் பணம் கட்டுறானே, அவன்தான் சூதாடி. இது ஸ்கில்லு!" என்று பொங்குவான். கிரிக்கெட்டுக்குக் கட்டுகிறவனைக் கேட்டால், "பிட்ச், டாஸ், ஃபார்ம் எல்லாம் அலசிட்டுத்தான் கட்டுறேன். இதுவும் ஸ்கில்லுதான்!" என்பான்.

யார் சொல்வது சரி?

கோர்ட்டே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறது. ரம்மியை 1968-லும், குதிரைப் பந்தயத்தை 1996-லும் திறமை ஆட்டம் என்றது சுப்ரீம் கோர்ட். (இரண்டாவது, நம்ம சென்னை கிண்டி ரேஸ் விவகாரம்!) ஆனால் 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்திய அரசின் சட்டம், ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை, திறமையோ அதிர்ஷ்டமோ, மொத்தமாகத் தடை செய்துவிட்டது. பங்குச் சந்தை இதில் சேராது. அது 'செபி' கண்காணிப்பில் நடக்கும் வியாபாரம்.

சட்டம் கேட்பது, 'ஆட்டத்தில் திறமை இருக்கா?' என்று. நீங்க கேட்க வேண்டியது, 'அந்தத் திறமை என்கிட்ட இருக்கா?' என்று. இரண்டும் வேற வேற பாஸ்!

புக்கி கணக்கு

சமபலமான இரண்டு டீம்கள். 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் 190 கையில் தருகிறான் புக்கி. பத்து தடவை கட்டி ஐந்தில் ஜெயித்தால்? போட்டது 1,000, வந்தது 950. பாதி சரியாகச் சொல்லியும் 50 ரூபாய் அவுட்! நூற்றுக்கு 53 தடவை சரியாகச் சொன்னால்தான் லாபமே எட்டிப் பார்க்கும்.

எதிரில் யார்?

ஒரு கம்பெனியின் பங்கை வாங்கி வருஷக்கணக்கில் வைத்திருந்தால், கம்பெனி வளரும்போது எல்லோருக்குமே லாபம் கிடைக்கலாம். எஃப் அண்ட் ஓ அப்படியில்லை. உங்க லாபம் இன்னொருத்தர் நஷ்டம். நடுவில் புரோக்கரேஜ், வரி வேறு. 2021-22 முதல் 2023-24 வரை இதில் இறங்கிய ஒரு கோடிக்கும் அதிகமான தனிநபர்களில் 93 சதவிகிதம் பேருக்கு நஷ்டம் என்று 2024 செப்டம்பரில் செபி கணக்குக் காட்டியது. மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்! 2023-24-ல் ஆடியவர்களில் 43 சதவிகிதம் பேர் 30 வயதுக்குக் கீழே. லாபம் பார்த்தது யார்? பெரும்பாலும் கம்ப்யூட்டர் புரோகிராம் வைத்து ஆடும் பெரிய நிறுவனங்கள். ஸ்கில் இருக்கு பாஸ்... எதிர் பெஞ்சில்!

'ஆனா சீனியர் ஒருத்தர் சம்பாதிக்கிறாரே?' நூறு பேர் ஆளுக்கு ஐந்து தடவை காசு சுண்டினால், சுமார் மூன்று பேருக்கு ஐந்துமே தலை விழும். அந்த மூன்று பேரும் அதைத் திறமை என்றுதான் நினைப்பார்கள். ஸ்கிரீன்ஷாட் போடுவதும் அவர்கள்தான். மற்ற 97 பேர் கப்சிப்!

உங்களுக்குத் திறமை இருக்கிறதா என்று பார்க்க ஒரு நோட்டு போதும். பணம் போடாமல், நூறு கணிப்புகளை முன்கூட்டியே எழுதுங்க. கமிஷன், வரி கழித்துப் பாருங்க. மிச்சம் நின்றால் மேலே பேசலாம்.

'விட்டதைப் பிடிக்கணும்' என்று செமஸ்டர் ஃபீஸிலோ, லோன் ஆப்பிலோ கை வைத்துவிட்டால் அது எந்த ஆட்டமானாலும் சூதாட்டம்தான். அந்த நிமிஷமே நிறுத்திட்டு வீட்டில் சொல்லிடுங்க. அப்பா திட்டுவார்தான். திட்டு ஒரு வாரத்தில் ஓயும். வட்டி ஓயாது!