இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் சிறுநீரகமும் கவனத்திற்குரியது

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. முறிந்த இடுப்பு எலும்பும் பொருத்தப்பட்டுவிட்டது. இரண்டு நாட்களுக்குப் பின், மகள் நீட்டும் தண்ணீரை இரண்டு மடக்கோடு நிறுத்திக்கொள்கிறார் தாய். கேட்டால், தாகம் இல்லை என்கிறார். உண்மைக் காரணம் வேறு. தண்ணீர் குடித்தால் சிறுநீர் வரும். பெட்பேன் கேட்க வேண்டும். பிறர் தூக்கிவிட வேண்டும். வலியும் கூச்சமும் 'யாருக்கும் தொந்தரவு வேண்டாம்' என்ற எண்ணமும் அவரைத் தடுக்கின்றன. எலும்புச் சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி காணும் காட்சி இது. இந்தத் தயக்கம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதைக் குடும்பத்தினர் அறிந்திருப்பது நல்லது.

காரணங்கள் என்ன?

சிறுநீரகம் தன் பணியைச் செய்ய, அதற்குப் போதிய இரத்த ஓட்டம் வேண்டும். வயது கூடக்கூட அதன் வடிகட்டும் திறன் குறைகிறது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இருந்தால் மேலும் குறைகிறது. இந்நிலையில் எலும்பு முறியும்போது, தொடைத் தசைகளுக்குள் வெளியே தெரியாமல் இரத்தம் கசியலாம். விழுந்த இடத்திலேயே நெடுநேரம் கிடந்தவர்களுக்கு உடலில் நீர் வற்றுவதுடன், நசுங்கிய தசைகளிலிருந்து வெளிவரும் பொருள்களும் சிறுநீரகத்தைத் தாக்கலாம். அறுவைச் சிகிச்சைக்கு முன் உண்ணாமல் இருப்பதும், மயக்க மருந்தினால் இரத்த அழுத்தம் தாழ்வதும், நோய்த்தொற்றும் இவற்றோடு சேரும்போது, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ சிறுநீரகம் செயல் குன்றலாம். இதனைத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்கிறோம்.

எவ்வாறு அறிவது?

இப்பாதிப்பு பெரும்பாலும் வலியின்றியே தொடங்கும். முதலில் குறைவது சிறுநீரின் அளவாக இருக்கலாம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்குச் சுமார் 25 மில்லிலிட்டருக்குக் குறைவாக, தொடர்ந்து 6 மணி நேரம் சிறுநீர் பிரிந்தால், அது எச்சரிக்கை. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு 48 மணி நேரத்திற்குள் 0.3 மில்லிகிராம் உயர்வதும் அவ்வாறே. மெலிந்த முதியவர்களுக்குத் தசை குறைவாதலால், கிரியேட்டினின் இயல்பாகத் தோன்றினாலும் சிறுநீரகம் நலிந்திருக்கக்கூடும். ஆகவே பழைய பரிசோதனை அறிக்கைகளைத் தவறாமல் கொண்டுவாருங்கள். முந்தைய அளவு தெரிந்தால்தான் இன்றைய உயர்வு புலப்படும்.

சிறுநீர் வராமல் அடிவயிறு உப்பியிருந்தால் அடைப்பு இருக்கலாம். பிராஸ்டேட் வீக்கமுள்ள ஆண்களுக்கும் மலச்சிக்கல் உள்ளவர்களுக்கும் இது நேரக்கூடும். கால் வீக்கம், மூச்சுத் திணறல், வாந்தி, வழக்கத்திற்கு மாறான தூக்கம், திடீர்க் குழப்பமான பேச்சு ஆகியவற்றையும் உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள். 'வயதானால் இப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள்.

மருந்துகளில் கவனம்

மூட்டு வலிக்காக வீட்டில் வைத்திருக்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் போன்ற மாத்திரைகளைத் தாங்களாகவே கொடுக்க வேண்டாம். அவை சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகளுடனும், நீர் பிரியச் செய்யும் மாத்திரைகளுடனும் சேரும்போது ஆபத்து கூடுகிறது. வலியைப் பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம்; சிறுநீரகத்திற்கு ஏற்ற வேறு வலி நிவாரணிகள் உள்ளன. எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நாட்டு மருந்து உட்கொள்பவராயின் அதனையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எவ்வளவு தண்ணீர்?

அனைவருக்கும் ஒரே அளவு பொருந்தாது. இதய நோயாளிக்கு அதிக நீர் நுரையீரலில் தேங்கலாம். ஆகவே அன்றைய அளவை மருத்துவரிடம் கேட்டு, அதனைச் சிறிது சிறிதாக நாள் முழுவதும் கொடுங்கள். குடித்த நீரையும் பிரிந்த சிறுநீரையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். நலம் விசாரிக்க வருவோர் அன்போடு கொண்டுவரும் இளநீரிலும் பழச்சாற்றிலும் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் செயல் குன்றியிருக்கையில் அது இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் அவற்றைக் கொடுக்காதீர்கள்.

வீடு திரும்பிய பின்

உரிய நேரத்தில் கண்டறிந்தால் பலருக்குச் சிறுநீரகம் மீண்டும் தேறிவிடுகிறது. சிலருக்கே, பெரும்பாலும் தற்காலிகமாக, டயாலிசிஸ் தேவைப்படுகிறது. எனினும் ஒருமுறை பாதிப்புற்றவர்கள் மருத்துவர் குறிப்பிடும் நாளில் மீண்டும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இனி எந்த மருத்துவரிடம் சென்றாலும் இப்பாதிப்பைப் பற்றி முதலிலேயே கூறிவிட வேண்டும்.

தாகம் இல்லை என்று சொல்லும் தாயிடம், "பெட்பேன் வைப்பது எங்களுக்குச் சிரமமே இல்லை; நீங்கள் குடியுங்கள் அம்மா" என்று சொல்லிப் பாருங்கள். அவர் கேட்கத் தயங்கும் உதவியை நாமே முன்வந்து அளிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.