காற்று அடிக்கும்போது நான் என்ன செய்கிறேன்?

இந்த மாதச் சுவர் இதழுக்குப் பரீட்சை பயம் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். எனக்குப் பரீட்சை பயம் கொஞ்சம்தான். என் பயம் வேற. அதை எழுதலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். "எந்தப் பயமா இருந்தா என்ன, எழுது" என்றார்கள்.

எனக்குக் காற்று என்றால் பயம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் நம்ம குமரி மாவட்டத்தை அடித்தபோது நான் மூணாம் வகுப்பு. அப்பா விசைப்படகில் தங்கல் போயிருந்தார். கரண்ட் இல்லை, போன் இல்லை. ஊரே கோயிலில் உட்கார்ந்திருந்தது. ஒன்பதாம் நாள்தான் அப்பா போன படகு லட்சத்தீவில் ஒதுங்கியிருக்கு என்று தகவல் வந்தது. பக்கத்து வீட்டு மாமா வரவே இல்லை.

அதற்குப் பிறகு கூரைத் தகரம் படபடவென்று அடித்தாலே எனக்கு வயிறு பிசையும். உள்ளங்கை வேர்க்கும். நெஞ்சு அடிக்கிற சத்தம் காதிலேயே கேட்கும். கிளாஸ் டெஸ்ட் நேரத்தில் காற்று அடித்தால் போச்சு, ஒரு வரி ஓடாது. எனக்கு ஏதோ பெரிய வியாதி என்றே நினைத்திருந்தேன்.

உயிரியல் பாடத்தில்தான் விஷயம் புரிந்தது. நம் சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி மாதிரி அட்ரினல் சுரப்பிகள் இருக்கின்றன. ஆபத்து என்று மூளை நினைத்ததும் அவை அட்ரினலினைச் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும். ஓடவோ சண்டை போடவோ வேண்டும் என்று ரத்தம் கை கால் தசைகளுக்குப் போகும், வயிற்றுக்குப் போவது குறையும். வயிறு பிசைவது அதனால்தான். நாய் துரத்தும்போது இது நல்லது. வகுப்பில் உட்கார்ந்துகொண்டு கடலில் இருக்கும் அப்பாவை நினைக்கும்போது ஓடவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. அதுதான் கவலை.

எங்க பாட்டிக்கு அட்ரினலின் எல்லாம் தெரியாது. காற்று அடித்தால் செபமாலையை எடுத்து, "மக்களே, எனக்க பக்கத்தில இரி, பதில் சொல்லு" என்பார்கள். பாட்டி முதல் பாதியைச் சொல்ல, நான் மறுபாதியைச் சொல்வேன். இப்படி ஐம்பது மணி. பாட்டி சொல்லும்போது நான் மூச்சை இழுப்பேன், நான் சொல்லும்போது மூச்சு மெதுவாக வெளியே போகும். 2001-ல் இத்தாலியில் 23 பேரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். லத்தீன் மொழியில் செபமாலை சொன்னபோது அவர்கள் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்று குறைந்ததாம். யோக மந்திரம் சொன்னபோதும் அப்படியேதான். (அதனால் என் இந்து நண்பர்கள் சிரிக்க வேண்டாம், உங்க வீட்டுப் பாட்டியும் விஞ்ஞானிதான்!)

ஆனால் மூச்சு அடங்கியதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. உடம்பு அமைதியான பிறகு மனசு வேறு ஒன்று கேட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாற்கு நற்செய்தி 4-ஆம் அதிகாரத்தில் ஒரு புயல் வருகிறது. கலிலேயாக் கடல் உண்மையில் நன்னீர் ஏரி. சுமார் 21 கிலோமீட்டர் நீளம். கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் மேல் கீழே கிடக்கிறது, சுற்றிலும் மேடு. மேலே இருக்கும் குளிர்ந்த காற்று பள்ளத்துக்குள் சட்டென்று இறங்கினால் தண்ணீர் கொந்தளித்துவிடும். 1986-ல் வறட்சியில் தண்ணீர் வற்றியபோது அங்கே சேற்றில் ஒரு பழைய படகு கிடைத்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் வருடப் பழசு, நீளம் எட்டு மீட்டர் சொச்சம். அப்பாவிடம் சொன்னேன். "நம்ம வள்ளம் அளவுதான் இருக்கும்" என்றார்.

அந்த மாதிரி ஒரு படகில்தான் இயேசு பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீடர்களில் பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் நாலு பேரும் அதே ஏரியில் மீன் பிடித்தவர்கள். தொழில் தெரிந்தவர்களே பயந்தார்கள் என்றால் அது சின்னக் காற்று இல்லை. நாங்க சாகப் போறோமே, உமக்குக் கவலையே இல்லையா என்று அவரை எழுப்புகிறார்கள். அது மரியாதையான செபம் இல்லை, கிட்டத்தட்ட சண்டை. ஆனாலும் அவர் முதலில் காற்றை அடக்குகிறார். ஏன் பயந்தீர்கள் என்று கேட்பது அதற்கப்புறம்தான். பயந்துகொண்டே கத்தினாலும் அவர் எழுந்திருப்பார் என்று இதைப் படித்தபோது எனக்குத் தைரியம் வந்தது.

பத்தாம் வகுப்பில்தான் அந்தக் கேள்வி வந்தது. பக்கத்து வீட்டு மாமிக்கும் அதே கோயில், அதே செபமாலை. அப்போ மாமா ஏன் வரலை? எங்க செபம் மட்டும் உசத்தியா? இதை யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்தது. அப்பா திரும்பி வந்ததைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னால் மாமி முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது.

அதே மாற்கு 14-ஆம் அதிகாரத்தில் கெத்சமனி வருகிறது. அந்தப் பெயருக்கு எண்ணெய்ச் செக்கு என்று அர்த்தமாம். படகில் சீடர்கள் விழித்திருக்க, இயேசு தூங்கினார். இங்கே சீடர்கள் தூங்குகிறார்கள், இயேசு தூக்கம் வராமல் கலங்குகிறார். துன்பம் தன்னை விட்டு நீங்க வேண்டும் என்று கேட்கிறார். அது நீங்கவில்லை. கடவுளின் மகனுக்கே பதட்டம் வந்தது, கேட்டது கிடைக்கவில்லை. விசுவாசம் குறைந்தால்தான் பயம் வரும் என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லாவிட்டால் டீச்சரிடமோ டாக்டரிடமோ சொல்வதும் விசுவாசக் குறைவு இல்லை. 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

கடைசியில் ஒரு நாள் மாமியிடமே கேட்டுவிட்டேன். வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டு இருந்தவர்கள் கையை நிறுத்தவில்லை. "அவரு வரணும்னு தான் கேட்டேன் மக்களே. வரலை. ரெண்டு வருசம் நான் கோயிலுக்கே போகலை. இப்போ கேக்கியது வேற. அந்த ராத்திரி அவரு அங்க தனியா இருந்திருக்க மாட்டாருன்னு நம்புதேன். அது மட்டும் இருந்தா எனக்கு ஒறக்கம் வருது" என்றார்கள்.

இந்த மாதமும் ஒரு ராத்திரி தகரம் அடித்தது. அப்பா கடலில் இருந்தார். வயிறு பிசைந்தது, உள்ளங்கை வேர்த்தது, எல்லாம் பழையபடிதான். பாட்டிக்கு இப்போ காது சரியாகக் கேட்காது, அதனால் முதல் பாதியை நான் சொன்னேன். அப்பா வரணும் என்றும் கேட்டேன், மாமி கேட்டதையும் சேர்த்துக் கேட்டேன். மூன்றாம் பத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. முழித்துப் பார்த்தால் விடிந்திருந்தது, மணி பாட்டி கையில் இருந்தது. காற்று இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

- பதினோராம் வகுப்பு மாணவி