ஒக்கியம் மடுவு: தென்சென்னை வடியும் வழி

பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கத்தைத் தாண்டித் தெற்கே போகும் பேருந்து, காரப்பாக்கம் வருவதற்கு முன் ஒரு பாலத்தில் ஏறி இறங்கும். சுற்றிலும் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள். பாலத்துக்குக் கீழே சம்பும் ஆகாயத்தாமரையும் மண்டிய நீர்ப்பரப்பு. பெரிய குட்டை என்றுதான் புதிதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். அதுதான் ஒக்கியம் மடுவு. முழு நீளத்தையும் ஒரு மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். ஆனால் சேலையூர், செம்பாக்கம் தொடங்கி மடிப்பாக்கம், வேளச்சேரி, மேடவாக்கம், பெரும்பாக்கம் வரை பெய்யும் மழை கடலைச் சேர இதுவே முதன்மையான வழி.

இதைப் புரிந்துகொள்ள நிலத்தின் அமைப்பைக் கிழக்கிலிருந்து மேற்காகப் பார்க்க வேண்டும். முதலில் கடல். அதையொட்டி நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் ஊர்கள் அமைந்த மணல்மேடு. மேட்டுக்கு மேற்கே தாழ்வான பள்ளம். அதில் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. அதற்கும் மேற்கே சற்றே உயர்ந்த நிலத்தில் பழைய மகாபலிபுரம் சாலை. அதையும் தாண்டினால் பள்ளிக்கரணைக் கழுவெளி. கழுவெளியில் சேரும் நீர் இந்தச் சாலைமேட்டைக் கடந்து கால்வாய்க்குப் போக, இயற்கை விட்டுவைத்த இடைவெளிதான் ஒக்கியம் மடுவு.

கழுவெளிக்கு நீர் வந்து சேரும் விதத்தில் நம் முன்னோரின் வேலை இருக்கிறது. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே மறுகால் பாய்ந்து நன்மங்கலம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், கடைசியில் கழுவெளி. இப்படிப் பல சங்கிலிகளாகக் கோத்த ஏரிகள் இந்த வட்டாரம் முழுவதும் உண்டு. ஒவ்வோர் ஏரியும் தன் பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் கீழே அனுப்பியதால் வெள்ளம் ஒரே நேரத்தில் வந்து குவியவில்லை. தவணை தவணையாக வந்தது. வேளச்சேரி தண்டீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் இந்த ஈரநிலத்தின் ஓரத்தில் வாழ்ந்திருக்கிறார்கள். பள்ளத்தை நீருக்கு விட்டு, மேட்டில் ஊரை வைத்துக்கொண்டார்கள்.

மடுவு போய்ச் சேரும் பக்கிங்காம் கால்வாய் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானது. சென்னையிலிருந்து எண்ணூர்ப் பக்கம் 1806-இல் தொடங்கிய வேலை, கடலோர உப்பங்கழிகளை ஒன்றோடொன்று இணைத்தபடி வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877-78-இல், நிவாரணப் பணியாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டருக்கு நெல்லும் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இதில் போய்வந்தன. படகுப் போக்குவரத்துக்காக அமைந்த அந்தக் கால்வாய்தான் இன்று தென்சென்னையின் வெள்ளத்தைச் சுமக்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மடுவு கால்வாயில் சேரும் இடத்திலிருந்து நேர்கிழக்கே கடல் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்தான். நடுவே மணல்மேடு இருப்பதால் நீர் அப்படிப் போக முடியாது. தெற்கே திரும்பி, சுமார் 15 கிலோமீட்டர் ஓடி, முட்டுக்காடு அருகே கோவளம் முகத்துவாரத்தில்தான் அது கடலைத் தொட வேண்டும். இத்தனை தூரத்துக்கும் நிலத்தில் வாட்டம் மிகக் குறைவு. கழுவெளியின் தரையே கடல்மட்டத்தை ஒட்டித்தான் இருக்கிறது.

வாட்டம் குறைந்த இடத்தில் நீரின் வேகத்தை முடிவு செய்வது இரு முனைகளின் மட்ட வித்தியாசம். கழுவெளியில் நீர் உயர்ந்து, கால்வாயில் தாழ்ந்திருந்தால் மடுவு நன்றாக ஓடும். கால்வாயும் நிரம்பிவிட்டால் ஓட்டம் தளர்ந்துவிடும். சென்னைக் கடற்கரையில் நாளொன்றுக்கு இரண்டு முறை ஓதம் ஏறி இறங்குகிறது. புயல் நெருங்கும்போது கடல்மட்டம் வழக்கத்தைவிட உயரும். முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். மழை ஓய்ந்த மறுநாள் பாலத்தில் நின்று ஆகாயத்தாமரைத் திட்டுகளைக் கவனித்தால் இது கண்கூடாகத் தெரியும். அவை கிழக்கே நகர்ந்தால் ஊர் வடிகிறது என்று பொருள். அசையாமல் நின்றால், தண்ணீர் போக இடமில்லை அல்லது அந்தத் திட்டுகளே வழியை அடைத்திருக்கின்றன.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். கழுவெளியின் நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 250 சதுர கிலோமீட்டர். அதன் மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 0.88 டி.எம்.சி. தண்ணீர். பாதி ஏரிகளிலும் மண்ணிலும் தங்கிவிட்டது என்றே கொள்வோம். மீதி 0.44 டி.எம்.சி.யை விநாடிக்கு 3,000 கனஅடி வீதம் வெளியேற்றினாலும் நாற்பது மணி நேரம் ஆகும். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். பள்ளிக்கரணை, பெருங்குடிப் பக்கத்துத் தெருக்களில் அப்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், மழை நின்ற பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதற்குக் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

முன்பு இந்தக் காத்திருப்பு யாரையும் வருத்தவில்லை. தண்ணீர் காத்திருக்கக் கழுவெளி இருந்தது. அதன் பரப்பு ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல். இன்று எஞ்சியிருப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. குப்பைக் கிடங்கும் ஆய்வு நிறுவனங்களும் அலுவலகங்களும் வீடுகளும் மற்ற இடத்தை நிரப்பின. பள்ளிக்கரணையையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் ரேடியல் சாலை கழுவெளியை நடுவே வெட்டிக்கொண்டு போகிறது. ஏரிகள் சுருங்கின, மறுகால் வாய்க்கால்கள் தெருக்களாயின. தவணையாக வந்த நீர் இப்போது மொத்தமாக வருகிறது. அது தங்கும் இடமோ குறைந்துவிட்டது. சுமை முழுவதும் மடுவின் மேல் விழுகிறது.

எஞ்சியதைக் காக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 2007-இல் கழுவெளியின் 317 ஹெக்டேர் வனத்துறையின் பாதுகாப்பில் வந்தது. 2022-இல் பள்ளிக்கரணை, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து இரை தேடுகின்றன. கூழைக்கடாக்களையும் நீலத்தாழைக்கோழிகளையும் சாலையிலிருந்தே பார்க்கலாம். இந்தப் பறவைகளுக்கு வேண்டிய ஆழமில்லாத விரிந்த நீர்ப்பரப்புதான் நகரத்துக்கு வேண்டிய வெள்ளத் தேக்கமும்.

மணல்மேட்டை வெட்டிக் கால்வாயிலிருந்து நேராகக் கடலுக்கு வழி விடலாம் என்ற யோசனையும் எழுந்ததுண்டு. வடியும் தூரம் குறையும் என்பது உண்மை. ஆனால் அது மீனவர்களின் கரை. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை. கடல் உயர்ந்திருக்கும் நேரத்தில் அந்தக் குறுக்கு வழியிலும் நீர் தயங்கித்தான் நிற்கும். ஆகவே எதை வெட்டினாலும், தண்ணீர் காத்திருக்க இடம் தேவைப்படுவது மாறாது.

மழைக்காலத்துக்கு முன் மிதக்கும் இயந்திரங்களை இறக்கி ஆகாயத்தாமரையை அள்ளுவது அவசியம். மடுவின் அகலம் குறையாமல் காப்பதும், பாலத்துக்கும் ரயில்பாதைக்கும் தூண் நடும்போது நீரின் வழியை முதலில் கணக்கிடுவதும் அதைவிட அவசியம். எல்லாவற்றுக்கும் மேலாக, மேலே உள்ள ஏரிகளின் கொள்ளளவு மீள வேண்டும். செம்பாக்கம் ஏரியில் ஓரடி ஆழம் கூடினால் அந்த அளவு நீர் மடுவுக்குத் தாமதமாக வரும். பெருங்குடியில் ஒரு தெரு அன்றிரவு நனையாமல் தப்பலாம். தென்சென்னையில் வீடு வாங்குபவர் மெட்ரோ நிலையம் எத்தனை தூரம் என்று விசாரிக்கிறார். தன் தெருவில் விழும் மழை எந்த ஏரி வழியாக, எந்த வாய்க்காலில் இந்த மடுவை அடைகிறது என்பதையும் அவர் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கேள்வியைப் பலர் கேட்கத் தொடங்கினால், வாய்க்கால்மேல் மனை போட்டு விற்பது எளிதாக இருக்காது.